ரூபி யூனிட் டெஸ்டிங்கிற்குச் சூழல் நீட்சி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூபியின் மினிடெஸ்ட் என்ற சோதனை ஃபிரேம்வொர்க்கில் சோதனைகளைச் சூழல் வாரியாகப் பிரித்து எழுத உதவும் ஒரு சிறு நீட்சியைத் தாமே உருவாக்க விரும்புவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ரூபியில் கிளாஸ், பிளாக், மாட்யூல் ஆகியவற்றை ஓரளவு கையாண்ட பழக்கம் இருந்தால் போதும். இங்குள்ள எல்லாப் பதில்களும் ஒரே நிபந்தனையிலிருந்து பிறக்கின்றன: எழுதப்பட்ட ஒவ்வொரு சோதனையும் சரியாக ஒரே ஒரு முறை ஓட வேண்டும், அது தோற்றால் எந்தச் சூழலில் தோற்றது என்பது அறிக்கையில் தெரிய வேண்டும். இதை நிறைவேற்றாத நீட்சி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சூழல் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒருவர் நூல் இரவல் கேட்கிறார். அபராத நிலுவை இல்லாதவருக்கு நூல் தரப்படும். நிலுவை உள்ளவருக்கு மறுக்கப்படும். நிலுவை இருந்தாலும் தவணையில் செலுத்த ஒப்புக்கொண்டவருக்கு ஒரு நூல் மட்டும் தரப்படும். இவற்றைச் சாதாரண மெத்தடுகளாக எழுதினால், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உறுப்பினரை உருவாக்கும் வரிகளும் நிலுவையை ஏற்றும் வரிகளும் திரும்பத் திரும்ப வரும். மெத்தட் பெயர்களோ நிபந்தனை முழுவதையும் சுமந்துகொண்டு நீண்டு போகும்.

சூழல் என்பது அந்த நிபந்தனைக்கு ஒரு பெயரிட்டு, அதற்கான தயாரிப்பை ஒரே இடத்தில் வைத்து, அதன்கீழ் வரும் சோதனைகளைத் தொகுக்கும் ஒரு பிளாக். "நிலுவை உள்ளபோது" என்ற சூழலுக்குள் "தவணைக்கு ஒப்புக்கொண்டபோது" என்ற இன்னொரு சூழல் அமையலாம். உள்சூழலின் சோதனை ஒன்று ஓடும்போது வெளிச்சூழலின் தயாரிப்பு முதலிலும் உள்சூழலின் தயாரிப்பு அடுத்தும் நடக்க வேண்டும்.

ஆர்ஸ்பெக் போன்றவை இருக்கும்போது புதிதாக எழுத வேண்டுமா?

பலருக்கு வேண்டியதில்லை. சூழல் வாரியாகச் சோதனை எழுதும் ஃபிரேம்வொர்க்கான ஆர்ஸ்பெக் 2005-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மினிடெஸ்ட் ஜெம்முக்குள்ளேயே (ஜெம் என்பது ரூபியின் நிரல் பொதி) ஸ்பெக் என்ற பகுதி இருக்கிறது. டெஸ்ட் யூனிட் ஜெம்மில் உட்சோதனைத் தொகுதிகளை எழுத 'சப்_டெஸ்ட்_கேஸ்' இருக்கிறது. தாட்பாட் நிறுவனத்தின் ஷுட்டா 2007 வாக்கில் சூழல் பிளாக்குகளை டெஸ்ட் யூனிட் பயனர்களிடையே பரப்பியது. பின்னர் அது ஷுட்டா கான்டெக்ஸ்ட், ஷுட்டா மேட்சர்ஸ் என இரண்டாகப் பிரிந்தது.

இருந்தாலும், 'அசர்ட்_ஈக்வல்' பாணியில் எழுதப்பட்ட பெரிய சோதனைத் தொகுப்பு ஏற்கனவே உங்களிடம் இருந்து, அதன் நடையை மாற்றாமல் தொகுக்கும் வசதி மட்டும் தேவைப்பட்டால், ஐம்பது அறுபது வரிகளில் எழுதக்கூடிய சொந்த நீட்சி மிகப் பொருத்தமானது. மேட்சர்கள் (எதிர்பார்ப்பை வாக்கியம்போல் எழுதும் கருவிகள்), பகிர்ந்த எடுத்துக்காட்டுகள், மாக் (போலிப் பொருள்) வசதிகள் எல்லாம் வேண்டும் என்று பட்டியல் நீளத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆர்ஸ்பெக்கிற்குப் போவது நல்லது.

எந்த ஃபிரேம்வொர்க்கின் மேல் கட்டுவது?

ரூபி 1.8 காலத்தில் டெஸ்ட் யூனிட் மொழியுடன் சேர்ந்தே வந்தது. 2009 ஜனவரியில் வெளியான 1.9.1 பதிப்பில் அந்த இடத்தை ரயன் டேவிஸ் எழுதிய மினிடெஸ்ட் பிடித்தது. 2014 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பிலிருந்து இரண்டும் தனி ஜெம்களாகவே ரூபியுடன் சேர்த்து வழங்கப்பட்டன. வலைப் பயன்பாட்டு ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் சோதனைக் கிளாஸும் மினிடெஸ்டின் மேல்தான் நிற்கிறது. மினிடெஸ்டின் மூலநிரல் சிறியது. ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். நீட்சி எழுதுவோர் அதைப் படித்தே தீர வேண்டும் என்பேன். இனி வரும் பதில்கள் மினிடெஸ்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

ஒவ்வொரு சூழலையும் தனிக் கிளாஸாக ஆக்குவதா, ஒரே கிளாஸில் மெத்தடுகளாகத் தட்டையாக்குவதா?

இரண்டு வழிகளும் நடைமுறையில் உள்ளவையே. ஷுட்டா தட்டையாக்கும் வழியில் சென்றது. சூழல்களைப் பொருள்களின் மரமாக நினைவில் கட்டி, பிளாக் முடிந்ததும் ஒவ்வொரு சோதனையையும் வெளிச்சூழல்களின் விவரிப்புகளுடன் கோத்து, ஒரே சோதனைக் கிளாஸில் நீண்ட பெயருள்ள மெத்தடாக அது வரையறுக்கும். அதே பெயர் இரண்டாம் முறை வந்தால் பிழை எழுப்பி நிறுத்திவிடும். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது; எந்த வழியில் சென்றாலும் அதை நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டையாக்கும் வழியின் குறை, சூழலுக்குள் எழுதப்படும் உதவி மெத்தடுகள் எல்லாச் சூழல்களுக்கும் பொதுவாகிவிடுவது. "நிலுவை உள்ளபோது" என்ற சூழலில் 'உறுப்பினர்' என்றொரு உதவி மெத்தடும், "நிலுவை இல்லாதபோது" என்ற சூழலில் அதே பெயரில் வேறொரு மெத்தடும் எழுதினால், பின்னது முன்னதை அழித்துவிடும். சூழலைக் கிளாஸாக்கி, உள்சூழலை வெளிச்சூழலின் துணைக்கிளாஸாக்கினால் இந்தச் சிக்கல் எழாது. உதவி மெத்தடுகள், மாட்யூல் சேர்க்கைகள், செட்அப் (சோதனைக்கு முந்தைய தயாரிப்பு) சங்கிலி எல்லாவற்றையும் ரூபியின் மரபுரிமையே பார்த்துக்கொள்ளும். எனவே கிளாஸ் வழியையே பரிந்துரைக்கிறேன். அதற்கென்று ஒரு விலை உண்டு; இரண்டு கேள்விகள் தள்ளி அது வருகிறது.

நீட்சியின் மிகச் சிறிய வடிவம் எப்படி இருக்கும்?

ஒரு மாட்யூல், அதில் 'கான்டெக்ஸ்ட்' என்ற ஒரு மெத்தட். அது விவரிப்பு ஸ்ட்ரிங் ஒன்றையும் பிளாக் ஒன்றையும் வாங்கிக்கொள்கிறது. தன்னையே மேல்கிளாஸாகக் கொடுத்து 'கிளாஸ்.நியூ' மூலம் புதுக் கிளாஸ் ஒன்றை உருவாக்குகிறது. விவரிப்பை அதன்மேல் பதிக்கிறது. பிறகு பிளாக்கை 'கிளாஸ்_இவால்' மூலம் அந்தக் கிளாஸின் மீது ஓட்டுகிறது. கிளாஸ் நிலை மெத்தடுகளும் துணைக்கிளாஸுக்கு மரபாக வருவதால், சூழலுக்குள் சூழல் எழுதுவதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதிய கிளாஸ் மினிடெஸ்டின் 'இன்ஹெரிட்டட்' கொக்கி வழியே ஓட்டப்பட வேண்டிய கிளாஸ்களின் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடும்.

மாட்யூலை எங்கே 'எக்ஸ்டெண்ட்' செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மினிடெஸ்டின் மூலக் கிளாஸிலேயே எக்ஸ்டெண்ட் செய்தால், அந்தக் கிளாஸ் ஏற்கனவே வைத்திருக்கும் கிளாஸ் மெத்தடுகளுக்குப் பின்னால்தான் உங்கள் மாட்யூல் போய் நிற்கும்; நீங்கள் மாற்றி எழுதும் மெத்தட் ஒருபோதும் அழைக்கப்படாது, பிழையும் வராது. உங்கள் திட்டத்துக்கென ஓர் அடிப்படைச் சோதனைக் கிளாஸ் எழுதி அதில் எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். அப்போது மாட்யூல் மினிடெஸ்டின் மெத்தடுகளுக்கு முன்னால் வரும். நீட்சி வேண்டாத பிற சோதனைகளும் பாதிக்கப்படாது.

சூழலுக்குரிய தகவல்களைக் கிளாஸின் சொந்த இன்ஸ்டன்ஸ் மாறியில் வையுங்கள். இரட்டை 'அட்' குறியுள்ள கிளாஸ் மாறி மரபுச் சங்கிலி முழுவதற்கும் பொதுவானது என்பதால், ஒரு சூழலின் செட்அப் பட்டியல் அண்டைச் சூழலுக்குள்ளும் கசிந்துவிடும்.

உள்சூழல் எழுதியதும் வெளிச்சூழலின் சோதனைகள் இரண்டு முறை ஓடுகின்றன. ஏன்?

மேலே சொன்ன விலை இதுதான். மினிடெஸ்ட் 'ரன்னபிள்_மெத்தட்ஸ்' என்ற கிளாஸ் மெத்தட் வழியாகச் சோதனைகளைத் திரட்டுகிறது. அது கிளாஸின் பொது மெத்தடுகளில் 'டெஸ்ட்_' என்று தொடங்குபவற்றை எடுக்கும்போது மரபாக வந்தவற்றையும் சேர்த்தே எடுக்கிறது. வெளிச்சூழலில் நான்கு சோதனைகளும் அதற்குள் மூன்று உள்சூழல்களும் இருந்தால், அந்த நான்கும் பதினாறு முறை ஓடும். கூடுதலாக ஓடும் பன்னிரண்டும் உள்சூழலின் மாறிய தயாரிப்பின் மேல் ஓடுவதால், சில காரணமின்றித் தோற்கும். மீதி காரணமின்றி வெல்லும்.

மினிடெஸ்ட் ஸ்பெக் இதை இப்படித் தீர்க்கிறது: துணைக்கிளாஸ் பிறக்கும் கணத்திலேயே, மரபாக வந்த சோதனை மெத்தடுகளை அதில் 'அன்டெஃப்_மெத்தட்' மூலம் மறைத்துவிடுகிறது. பிற்பாடு வெளிச்சூழலில் 'இட்' மூலம் ஒரு சோதனை சேர்க்கப்பட்டால், அப்போதும் பிள்ளைக் கிளாஸ்களுக்குச் சென்று மறைக்கிறது. ஆனால் உள்சூழலுக்குக் கீழே, வெளிச்சூழலின் உடலில், ஒருவர் 'டெஃப்' போட்டு நேரடியாக ஒரு சோதனை மெத்தடை எழுதினால் அது இந்த ஏற்பாட்டிலிருந்து தப்பிவிடும். கலப்பு நடையில் எழுதும் குழுக்களில் இது நிச்சயம் நடக்கும்.

ஆகவே, பிறப்பின்போது முடிவெடுப்பதைவிட ஓட்டும்போது முடிவெடுப்பது பாதுகாப்பானது. சூழலால் உருவான கிளாஸ்களுக்கு மட்டும் 'ரன்னபிள்_மெத்தட்ஸ்' மெத்தடை மாற்றி எழுதுங்கள். 'சூப்பர்' தரும் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் 'இன்ஸ்டன்ஸ்_மெத்தட்' எடுத்து, அதன் 'ஓனர்' யார் என்று கேளுங்கள். அந்த ஓனர் மேல்கிளாஸின் 'ஆன்செஸ்டர்ஸ்' வரிசையில் இருந்தால் அந்தப் பெயரை நீக்குங்கள். இந்தச் சூழலே வரையறுத்தவை மட்டும் மிஞ்சும். மினிடெஸ்ட் கலைத்துப்போட்ட வரிசையும் மாறாது.

இதைச் சுருக்கி, மேல்கிளாஸின் பெயர்ப் பட்டியலை அப்படியே கழித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். உள்சூழலில் வெளிச்சூழலின் பெயரிலேயே ஒரு சோதனையை வேண்டுமென்று எழுதியிருந்தால், பெயர்க் கழித்தலில் அது சத்தமில்லாமல் காணாமல் போகும். ஓனரைப் பார்த்தால் அது தப்பிக்கும்.

சூழலால் உருவான கிளாஸ்களுக்கு மட்டும் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒரே ஒப்பந்தத்தை நிறைவேற்றும் பல கிளாஸ்களைச் சோதிக்க, பொதுச் சோதனைகளை ஒரு மேல்கிளாஸில் எழுதி மரபாகப் பெறும் பழக்கம் பலருக்கு உண்டு. அவர்கள் நம்பியிருக்கும் நடத்தையை மாற்ற நீட்சிக்கு உரிமையில்லை.

செட்அப் பிளாக்குகளை எப்படிக் கோப்பது?

'டிஃபைன்_மெத்தட்' மூலம் 'செட்அப்' மெத்தடை வரையறுத்து, முதல் வரியில் 'சூப்பர்' அழைத்துவிட்டுப் பிறகு பயனர் தந்த பிளாக்கை ஓட்டுவதுதான் இயல்பான வழி. வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசை தானாகக் கிடைக்கும். ஆனால் டிஃபைன்_மெத்தடுக்குள் சூப்பர் என்று வெறுமனே எழுதினால் ரூபி ஓட்டநேரப் பிழை தரும். வெற்று அடைப்புக்குறிகளுடன் எழுதுவது கட்டாயம்.

அடுத்தது, ஒரே சூழலில் இரண்டு செட்அப் பிளாக்குகள் வருவது. மினிடெஸ்ட் ஸ்பெக்கில் ஒரே 'டிஸ்கிரைப்' (அதன் சூழல் பிளாக்) உள்ளே இரண்டு 'பிஃபோர்' (அதன் செட்அப் பிளாக்) எழுதினால், இரண்டாவது முதலாவதை மாற்றியமைத்துவிடும். கோப்பு பெரிதாகி இரண்டும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அமையும்போது இது கண்டுபிடிக்கக் கடினமான பிழையாகிறது. எனவே சூழலுக்கென ஒரு பட்டியல் வைத்து, முதல் அழைப்பில் மட்டும் 'செட்அப்' மெத்தடை வரையறுத்து, அடுத்தடுத்த அழைப்புகளில் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போங்கள். அதே கிளாஸில் பயனர் டெஃப் போட்டு செட்அப் எழுதியிருந்தால், அதை அழித்து எழுதாமல் பிழை எழுப்புங்கள். இதைச் சரிபார்க்க, மரபைச் சேர்க்க வேண்டாம் என்று இரண்டாவது ஆர்க்யுமென்டாக 'ஃபால்ஸ்' கொடுத்து 'மெத்தட்_டிஃபைன்ட்?' அழைக்கலாம், ரூபி 2.6 முதல் இந்த வசதி உள்ளது.

பட்டியலில் உள்ள பிளாக்குகளை 'இன்ஸ்டன்ஸ்_எக்செக்' மூலம் ஓட்டுவது எளிது. ஆனால் பயனர் செட்அப் நடுவில் 'ரிட்டர்ன்' எழுதினால், அந்த பிளாக் பிறந்த இடம் எப்போதோ முடிந்துவிட்டதால் 'லோக்கல்ஜம்ப்எரர்' வரும். ஒவ்வொரு பிளாக்கையும் டிஃபைன்_மெத்தட் மூலம் தனித்த பெயருள்ள பிரைவேட் மெத்தடாக்கி, பட்டியலில் பெயரை மட்டும் வைத்தால் ரிட்டர்ன் எதிர்பார்த்தபடி வேலை செய்யும். கூடுதலாக இரண்டு வரிகள் எழுத வேண்டியிருக்கும், தயங்க வேண்டாம்.

டியர்டவுனுக்கும் இதே முறைதானா?

டியர்டவுன் என்பது சோதனைக்குப் பிந்தைய துப்புரவு. வரிசை மட்டும் தலைகீழ்: உள்சூழலின் துப்புரவு முதலில், வெளிச்சூழலின் துப்புரவு கடைசியில். உள்சூழலின் டியர்டவுன் பிழை எழுப்பினாலும் வெளிச்சூழலின் டியர்டவுன் நடந்தாக வேண்டும் என்பதால், சூப்பர் அழைப்பை 'என்ஷூர்' பகுதிக்குள் வைக்க வேண்டும். செட்அப் பாதியில் தோற்றாலும் மினிடெஸ்ட் டியர்டவுனை அழைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். திறக்கப்படாத கோப்பை மூட முயலும் டியர்டவுன் இரண்டாவது பிழையை அறிக்கையில் சேர்த்து முதல் காரணத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும்.

தோல்வி அறிக்கையில் சூழலின் பெயர் வருவதில்லையே?

கிளாஸ்.நியூ தருவது பெயரற்ற கிளாஸ். அதன் 'நேம்' மெத்தட் 'நில்' தரும். மினிடெஸ்ட் சோதனை முடிவைப் பதியும்போது கிளாஸின் பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதால், அறிக்கையில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். "மறுக்க வேண்டும்" என்ற சோதனை தோற்றது என்று மட்டும் தெரிந்து, யாருக்கு மறுக்க வேண்டும் என்பது தெரியாமல் போனால், சூழல் எழுதியதன் பயனே இல்லை.

சூழல் கிளாஸில் 'நேம்', 'டு_எஸ்' இரண்டையும் மாற்றி எழுதி, வெளிச்சூழலின் பெயரையும் தன் விவரிப்பையும் இணைத்துத் தருவது எல்லாப் பதிப்புகளிலும் வேலை செய்யும். பெயரால் சோதனைகளை வடிகட்டும் வசதியும் கிளாஸ் பெயரையும் மெத்தட் பெயரையும் சேர்த்து ஒப்பிடுவதால், "நிலுவை உள்ளபோது" என்ற சொற்களைக் கொடுத்தே அந்தச் சூழலை மட்டும் ஓட்டலாம். 2023 டிசம்பரில் வந்த ரூபி 3.3 'செட்_டெம்பரரி_நேம்' என்ற மெத்தடைத் தந்தது. பெயரற்ற கிளாஸுக்குத் தற்காலிகப் பெயர் சூட்ட அது உதவுகிறது. கான்ஸ்டன்ட் போலத் தோன்றும் பெயரை அது ஏற்காது. விவரிப்பு வாக்கியம் கான்ஸ்டன்ட் போல இருப்பது அரிது என்பதால் நமக்கு அது தடையில்லை.

சோதனைகளைப் பல பிராசஸ்களில் பிரித்து ஓட்டுவோர் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கலாம். 'மார்ஷல்' மூலம் ஒரு கிளாஸை மறுபக்கம் அனுப்ப, அது ஒரு கான்ஸ்டன்ட் வழியாக அடையக்கூடியதாக இருக்க வேண்டும். அத்தகைய இடங்களில் 'கான்ஸ்ட்_செட்' மூலம் வெளிச்சூழலுக்குள் ஒரு நிலையான பெயரைப் பதிவது நல்லது.

விவரிப்புகளைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். நூலக விதிகளையோ வரி விதிகளையோ தமிழில் பேசி முடிவெடுக்கும் குழு, அதே சொற்களில் சோதனைகளையும் எழுதினால், விதிக்கும் நிரலுக்கும் இடையே பொருள் நழுவுவது குறையும். டிஃபைன்_மெத்தட் எந்த ஸ்ட்ரிங்கையும், இடைவெளிகளுடன்கூட, பெயராக ஏற்கும். ரூபி 1.9 முதல் மெத்தட் பெயர்களைத் தமிழ் எழுத்துகளில் எழுதலாம் என்பதால், கான்டெக்ஸ்ட் என்பதற்குப் பதிலாகச் 'சூழல்' என்றே மெத்தடுக்குப் பெயரிடுவதிலும் தடையில்லை. கான்ஸ்டன்ட் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால், கான்ஸ்ட்_செட் பயன்படுத்தும்போது முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. பலர் இதை அறியாமல் நீட்சியை வெளியிட்டுவிடுகிறார்கள். விவரிப்பை மெத்தட் பெயராக்கும்போது, "சொல்லெழுத்து அல்லாதவை" என்று பொருள்படும் பெரிய டபிள்யூ ரெகெக்ஸ் குறியால் பிற எழுத்துகளையெல்லாம் அடிக்கோடாக மாற்றுவது பரவலான வழக்கம். ரூபியில் அந்தக் குறி இயல்பாக ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லெழுத்தாகக் கருதுகிறது. தமிழ் எழுத்துகள் அனைத்தும் அடிக்கோடுகளாகிவிடும். "இரவல் தரலாம்", "இரவல் கூடாது" என்ற இரண்டு சோதனைகளைப் பாருங்கள். "தரலாம்" என்பதிலும் "கூடாது" என்பதிலும் யூனிகோடு குறிகள் தலா ஆறு. எனவே எதிரெதிர்ப் பொருளுள்ள இரண்டு சோதனைகளும் ஒரே நீளமுள்ள அடிக்கோட்டுச் சரமாகி, ஒரே மெத்தட் பெயரைப் பெறுகின்றன. இரண்டாவது முதலாவதை அழிக்கிறது. எச்சரிக்கைகளை இயக்கி ஓட்டினாலொழிய ரூபி எதுவும் சொல்லாது. முடிவில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். தொடர்ச்சியான எழுத்துகளை ஒரே அடிக்கோடாகச் சுருக்கும் வடிவம் இன்னும் மோசம்: தமிழில் எழுதிய அத்தனை சோதனைகளும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும்.

விவரிப்பை மாற்றாமல் அப்படியே பெயராக்குவதே நல்ல தீர்வு. மாற்றியே ஆக வேண்டும் என்றால், இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதப்படும் 'வேர்ட்' என்ற போசிக்ஸ் வகையைப் பயன்படுத்துங்கள்; அது யூனிகோடு எழுத்துகளோடு துணைக்குறிகளையும் ஏற்கிறது. எழுத்துகளை மட்டும் ஏற்கும் வகைகள் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் உதிர்த்துவிடும்.

இன்னொன்று: 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ரூபிக்கு வேறுவேறு. பெயரால் வடிகட்டும்போது "பொருந்தும் சோதனை எதுவும் இல்லை" என்று வந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். விவரிப்பை வாங்கியதும் 'யூனிகோட்_நார்மலைஸ்' மூலம் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்; ரூபி 2.2 முதல் அது மொழியிலேயே உள்ளது. ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்ற சரிபார்ப்பும் அதற்குப் பிறகுதான் நடக்க வேண்டும்.

வரி எண்ணைக் கொடுத்து ஒரு சோதனையை மட்டும் ஓட்ட முடியவில்லை. என்ன தவறு?

பயனரின் பிளாக்கை நேரடியாக டிஃபைன்_மெத்தடிடம் கொடுக்காமல், உங்கள் பிளாக் ஒன்றுக்குள் வைத்து அழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேரடியாகக் கொடுத்தால் அந்த மெத்தடின் 'சோர்ஸ்_லொகேஷன்' பயனர் எழுதிய கோப்பையும் வரியையும் காட்டும். இடையில் உறை போட்டால் எல்லாச் சோதனைகளும் உங்கள் நீட்சியின் ஒரே வரியில் பிறந்தவையாகத் தெரியும். ரெயில்ஸின் வரி எண் வடிகட்டி இந்தத் தகவலை நம்பித்தான் இயங்குகிறது. உறையை எடுத்துவிடுங்கள்.

சூழல் பிளாக்குக்குள் ஒரு போலிக் கிளாஸை வரையறுத்தால் அது அடுத்த சூழலிலும் தெரிகிறதே?

கிளாஸ்_இவால் பிளாக்கை ஓட்டும்போது 'செல்ஃப்' மாறுகிறது. 'டெஃப்' எங்கே சேரும் என்பதும் மாறுகிறது. கான்ஸ்டன்ட் எங்கே சேரும் என்பது மட்டும் மாறுவதில்லை. அது பிளாக் எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டு சூழல்களில் ஒரே பெயரில் எழுதிய போலிக் கிளாஸ்கள் உண்மையில் ஒரே கிளாஸ்தான். இரண்டாவது இடத்தில் அது மீண்டும் திறக்கப்பட்டு மெத்தடுகள் கலக்கின்றன. நீட்சியால் இதைச் சரிசெய்ய முடியாது. போலிக் கிளாஸைக் கிளாஸ்.நியூ மூலம் உருவாக்கி, அதை ஓர் உதவி மெத்தட் வழியாகத் தருமாறு பயன்பாட்டுக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

'லெட்' போன்ற சோம்பல் மதிப்புகள் தேவையா?

முதல் முறை கேட்கும்போது மட்டும் கணக்கிட்டு நினைவில் வைக்கப்படும் மதிப்புகளைத்தான் இப்படிச் சொல்கிறோம். பெரும்பாலும் சாதாரண மெத்தடே போதும். சேர்ப்பதானால் இரண்டைக் கவனியுங்கள். நினைவில் வைத்த மதிப்பு 'நில்' அல்லது 'ஃபால்ஸ்' ஆக இருக்கலாம் என்பதால், ஹாஷில் சாவி இருக்கிறதா என்று 'ஃபெட்ச்' மூலம் பார்க்க வேண்டும். மேலும் 'நேம்', 'மெசேஜ்' போன்ற பெயர்கள் மினிடெஸ்ட் சோதனைப் பொருளில் ஏற்கனவே உள்ள மெத்தடுகள். உறுப்பினரின் பெயருக்கென்று ஒருவர் 'நேம்' என்று எழுதினால் ஃபிரேம்வொர்க்கே குழம்பிவிடும். மினிடெஸ்ட் ஸ்பெக் இத்தகைய பெயர்களை மறுத்துப் பிழை எழுப்புகிறது. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

பொதுவான சோதனைகளை மாட்யூலில் வைத்துப் பல சூழல்களில் சேர்க்கலாமா?

அண்ணன் தம்பிச் சூழல்களில் சேர்க்கலாம். தாய்ச் சூழலிலும் சேய்ச் சூழலிலும் ஒரே மாட்யூலைச் சேர்ப்பதில்தான் சிக்கல். மேல்கிளாஸ் ஏற்கனவே சேர்த்துள்ள மாட்யூலைத் துணைக்கிளாஸ் மீண்டும் 'இன்க்ளூட்' செய்தால் ரூபி அதை இரண்டாம் முறை நுழைப்பதில்லை. நம் ஓனர் சரிபார்ப்போ அந்தச் சோதனைகளைத் தாய்ச் சூழலுக்குரியவை என்று கருதி நீக்கிவிடும். "நிலுவை உள்ளபோதும் இந்த விதிகள் பொருந்த வேண்டும்" என்று நினைத்து எழுதியவருக்கு அந்தச் சோதனைகள் ஓடவே ஓடா. பொதுச் சோதனைகளை ஒரு பிளாக்காகச் சேமித்து, கேட்கும் சூழல் ஒவ்வொன்றிலும் கிளாஸ்_இவால் மூலம் புதிதாக வரையறுப்பது இதற்கான மாற்று. அப்போது ஓனர் அந்தந்தச் சூழலாகவே இருக்கும்.

ரெயில்ஸில் இது வேலை செய்யுமா?

வேலை செய்யும், வேலையும் குறையும். ரெயில்ஸின் சோதனைக் கிளாஸில் செட்அப், டியர்டவுன் பிளாக்குகள் கால்பேக்குகளாகப் பதியப்பட்டுத் துணைக்கிளாஸுக்கு மரபாக வருகின்றன. ஒரே கிளாஸில் பலமுறையும் எழுதலாம். எனவே அந்தப் பகுதியை நீங்கள் எழுதவே வேண்டாம். கவனிக்க வேண்டியது ரெயில்ஸின் 'டெஸ்ட்' மேக்ரோ. பெயர் ஏற்கனவே வரையறுக்கப்பட்டிருந்தால் அது பிழை எழுப்பும். அந்தச் சரிபார்ப்பு மரபாக வந்த மெத்தடுகளையும் கணக்கில் கொள்வதால், வெளிச்சூழலில் உள்ள அதே விவரிப்பை உள்சூழலில் எழுத முடியாது. சூழல் கிளாஸில் அந்த மேக்ரோவை மாற்றி எழுதி, சூழலின் விவரிப்பை மெத்தட் பெயரின் முன்னால் சேர்த்துவிட்டால் மோதல் தீரும்.

எத்தனை அடுக்கு ஆழம் வரை போகலாம்?

நீட்சியில் வரம்பு வைக்க வேண்டியதில்லை. மூன்றாம் அடுக்கைத் தாண்டும்போது, ஒரு சோதனை எந்தத் தயாரிப்பின் மேல் நிற்கிறது என்பதை அறிய வாசிப்பவர் மேலும் கீழும் அலைய நேர்கிறது. அந்நிலையில் சோதிக்கப்படும் கிளாஸே அதிக நிபந்தனைகளைச் சுமக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆம் என்பதே விடையாக இருக்கும்.

நீட்சியையே எப்படிச் சோதிப்பது?

ஒரு சோதனைக்குள் கிளாஸ்.நியூ மூலம் சிறிய சோதனைக் கிளாஸ் ஒன்றை உருவாக்கி, அதில் சூழல்களை எழுதி, 'ரன்னபிள்_மெத்தட்ஸ்' தரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொருளை உருவாக்கி 'ரன்' அழைத்து முடிவைப் பாருங்கள். இந்த உள்கிளாஸ்களும் மினிடெஸ்டின் பொதுப் பட்டியலில் சேர்ந்துவிடும் என்பதால், உருவாக்கியவுடன் 'ரன்னபிள்ஸ்' பட்டியலிலிருந்து அவற்றை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டுமென்றே தோற்க எழுதியவை உங்கள் உண்மையான சோதனைத் தொகுப்பையும் சிவப்பாக்கும். மினிடெஸ்ட் தன்னைத் தானே சோதிக்க 'மெட்டாமெட்டாமெட்டாடெஸ்ட்கேஸ்' என்ற கிளாஸை வைத்திருக்கிறது. அதைப் படித்தால் நல்ல யோசனைகள் கிடைக்கும்.

முதலில் எழுத வேண்டிய சோதனை, எண்ணிக்கையைச் சரிபார்ப்பது. வெளிச்சூழலில் இரண்டு, உள்சூழலில் இரண்டு, உள்சூழலுக்குக் கீழே டெஃப் போட்டு எழுதியது ஒன்று என அமைத்து, ஐந்தும் தலா ஒரு முறை ஓடின என்று உறுதிசெய்யுங்கள். அடுத்து, செட்அப்பும் டியர்டவுனும் நடந்த வரிசையை ஓர் அர்ரேயில் பதிந்து ஒப்பிடுங்கள். உள் டியர்டவுன் பிழை எழுப்பும் நிலையிலும் வெளி டியர்டவுன் அந்த அர்ரேயில் இருக்க வேண்டும். பிறகு, "இரவல் தரலாம்", "இரவல் கூடாது" இரண்டையும் ஒரே சூழலில் எழுதி, இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, ஒரே விவரிப்பை இருமுறை எழுதினால் கோப்பு ஏற்றப்படும்போதே பிழை எழுகிறது என்பதை 'அசர்ட்_ரெய்சஸ்' மூலம் உறுதிசெய்யுங்கள்.